பொய்யின் கீழே என் பெயர்

அன்பு மகளுக்கு,

உன் மனம் தேறும்வரை வேண்டாம் என்று மருத்துவமனையில் உன் போனை வாங்கி வைத்துவிட்டார்கள். அதனால் பூசணிக் கஞ்சியோடு இந்தக் காகிதத்தை அனுப்புகிறேன்.

நீ வகுப்பில் ஒரு குழந்தையை அடித்ததாகப் பரவும் வீடியோவை நிறுத்தச் சொல்லி அழுதாய்: "நீங்கதானேம்மா கொரியாவுக்கு இன்டர்நெட் கொண்டுவந்தீங்க!" ஆமாம், சியோல் ஆய்வுக்கூடத்தில் முதல் இணைப்பைக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

என்னிடம் வேலை பழகிய கியுசிக்கிடம் போனேன். "ஒரு இடத்துல அழிச்சா நூறு இடத்துல முளைக்குது மேடம். நம்ம பேச்சை இன்டர்நெட் எங்க கேக்குது?" என்றான்.

கேட்க வேண்டாம். ஒவ்வொரு வீடியோவின் கீழும் என் பெயரிலேயே எழுதுகிறேன்: "நான் அந்த ஆசிரியையின் அம்மா. இது வெட்டி ஒட்டிய பொய்." "வாயை மூடு கிழவி" என்கிறார்கள். மூட மாட்டேன்.

நேற்று அந்தக் குழந்தையின் தாயே எனக்குக் கீழே எழுதினாள்: "டீச்சர் அடிக்கல. விழுந்த என் பொண்ணைத் தூக்கிவிட்டாங்க."

இதையும் இனி யாராலும் அழிக்க முடியாது.

உன் அம்மா