அம்மா சொல்லாத பெயர்

எமில் இல்லை, எமீல். 'மீ'யை நீட்டிச் சொல்ல வேண்டும். எங்கிருந்து வந்த பெயர் என்று எனக்கே தெரியாது, வைத்தவர் செத்துவிட்டார்.

இன்று காலை கேம்ப் ரோடு கிளினிக்கில் நர்ஸுக்கு இப்படித்தான் பதில் சொன்னேன் அப்பா. அம்மாவுக்குச் சுகர் பார்க்கப் போயிருந்தோம். ஸ்பிரிட் வாசனையில் உன் கடைசி வாரம் மூக்கில் ஏறியது. அந்த எரிச்சலில் வாய் நீண்டுவிட்டது.

நீ இருந்தவரை இந்தப் பெயருக்கு ஆளுக்கொரு கதை சொன்னாய். சித்தப்பாவிடம், காலேஜுக்கு வந்த வெளிநாட்டு இன்ஜினியர் பெயர். பக்கத்து வீட்டில், நியூமராலஜி. என்னிடம், ஃபுட்பால் பிளேயர். எந்த டீம் என்று கேட்டால், "சாப்பிடு, ஆறிடும்." காட்டாங்குளத்தூருக்குத் தினமும் ஒரே ரூட்டில் காலேஜ் பஸ் ஓட்டிய ஆள் நீ. கதை இப்படி மாறுகிறதென்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

அத்தை நேராகவே சொல்லுவாள்: "எமன்ல ஆரம்பிக்குது பாரு. எவளோ எமிலி பேரை நறுக்கிப் புள்ளைக்கு வெச்சுக்கினு நம்மள ஏமாத்துது எங்கண்ணன்!" எல்லாரும் சிரிப்பார்கள். அம்மா மட்டும் அடுப்படிக்குப் போய்விடுவாள். அவள் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டதே இல்லை, 'தம்பி'தான். அவளை நீ ஏமாற்றுகிறாயோ என்று சந்தேகம். எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது. படிப்பை விட்டுவிட்டு வீட்டில் கிடந்த நாட்களில் உன் போனில் எமிலியைத் தேடினேன். கிடைத்ததெல்லாம் டயர் கடைக்காரரின் குட்மார்னிங் படங்கள். அப்படியும் நம்பவில்லை. நம்பரை வேறு பெயரில் போட்டிருப்பாய் என்று நினைத்தேன்.

இன்று நர்ஸ் முதலில் கேட்டது உன் பெயரை. "வூட்டுக்காரர் பேரு இன்னாம்மா?" அம்மா தலையைக் குனிந்துகொண்டு முழங்கையால் என்னை இடித்தாள். நான் சொன்னேன். புருஷன் பெயரை அவள் வாயால் சொல்ல மாட்டாள், அது உனக்குத் தெரிந்ததுதான். "கூட வந்த புள்ள பேரு?" அதே குனிவு. அதே இடி.

பெற்ற பிள்ளையின் பெயருக்கு எதற்கு அந்தக் குனிவு?

வெளியே வந்ததும் வண்டியை எடுக்காமல் கேட்டேன். "யாரும்மா எமீல்?"

"வண்டிய எடு தம்பி, வெயில் கொளுத்துது."

"அப்பாவோட ஆளு யாராவதா?"

"வாயில போட்டேன்னா! அந்த மனுஷனையா சொல்ற?"

பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். உனக்கு முன்னால் அவளுக்கு ஒரு கல்யாணம் ஆகியிருந்ததாம். கீழ்க்கட்டளைக்காரர், எமீல், உன்னோடு வேன் ஓட்டிய சிநேகிதர். வருஷம் திரும்புவதற்குள் ஆக்சிடென்ட். அப்புறம் நீ அவளைக் கட்டிக்கொண்டாய். உன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அவரு பேரு வூட்ல கேட்டுக்கினே இருக்கட்டும்னு உனக்கு வெச்சாரு உங்கப்பா. நான் எப்பிட்றா அந்தப் பேரைக் கூப்பிடுவேன்? அதை யோசிக்கவே இல்ல அவரு. யோசிச்சப்ப ஊருக்கே சொல்லியாச்சு."

அம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்கு இப்போது வேறு சந்தேகம். நான் உன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், நீ அடுப்படிப் பக்கம் திரும்பி "எமீல்!" என்று சத்தமாகக் கூப்பிடுவாய். "இங்கதானே கீறேன், எதுக்குக் கத்துற?" என்று எரிந்து விழுவேன். அது என்னைக் கூப்பிட்டது இல்லை, இல்லையா? அவளால் சொல்ல முடியாததை நீ சொல்லிக்கொண்டிருந்தாய். உனக்கு வலிக்கவே இல்லையா அப்பா? கேட்டால் இதற்கும் ஒரு கதை வைத்திருப்பாய்.

இந்தப் பெயரை மாற்றிவிடலாம் என்று இருந்தேன். இனி முடியாது. மத்தியானம் போனை எடுத்து, "எமீல் பேசறேன்" என்றேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. நான் பேசி முடித்த பிறகுதான் மறுபடி ஆரம்பித்தது.

மறுபடி போன் அடிக்கிறது, அம்மா அடுப்படியில்தான் இருக்கிறாள். போகணும்ப்பா.