உள்ளே ஆளில்லாத தாழ்ப்பாள்

உன் மனைவி நேற்று கொடுத்துவிட்டுப் போன பையைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறியது. "அண்ணா, இதை மட்டும் தூக்கிப் போட விடவே மாட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல, நீங்களே வெச்சிக்கோங்க" என்று சொல்லித்தான் கொடுத்தாள். உள்ளே ஓரம் துளையிட்ட பழைய பிரிண்ட்-அவுட் தாள்கள். கடைசித் தாளில் உன் பச்சை மையில் ஒரு கேள்வி: 'பூட்டினவன் எங்கே போனான்?'

தொண்ணூறுகளின் கடைசி. குரோம்பேட்டையில் ஒரு மாடியில் நாம் வேலை பார்த்த சின்னக் கம்பெனி. ஒரு மருந்துக் கிடங்குக்கு பில் போடும் புரோகிராம் எழுதினோம். ஒரே புரோகிராமுக்குள் எட்டுத் திரெட்டுகள்; எட்டு வேலையாட்கள் என்று வைத்துக்கொள்ளலாம், ஆளுக்கொரு கவுன்ட்டர். நடந்ததையெல்லாம் பதிவு செய்யும் பகுதி உன்னுடையது. இருவர் ஒரே நேரத்தில் எழுதிக் குழப்பாமலிருக்க ஒரு பூட்டு வைத்திருந்தாய். எழுத வருகிறவன் பூட்டுவான், முடித்ததும் திறந்துவிட்டுப் போவான். பில் அச்சடிப்பது என் பகுதி. ஒவ்வொரு பில்லுக்கும் புரோகிராமை ஃபோர்க் செய்து, அதாவது அதற்கு ஒரு நகலெடுத்து, அந்த நகலை அச்சு வேலைக்கு அனுப்பினேன். போகும் முன் அது உன் பதிவில் ஒரு வரி எழுதட்டும் என்று சேர்த்ததும் நான்தான்.

கிடங்கில் தினமும் இரண்டு மூன்று தடவை பில் வராமல் நின்றது. எங்கே நிற்கிறது என்று பார்த்தால் எப்போதும் உன் பூட்டில். எவன் எழுதிய பகுதியில் நிற்கிறதோ அவன்தான் குற்றவாளி என்பது நம் ஆபீஸ் வழக்கம். ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாமல், நீ எழுதிய வரிகளையே பிரிண்ட்-அவுட் எடுத்துப் புரட்டினாய். "பூட்றவன் எல்லாம் தொறந்துட்டுத்தான் மச்சான் போறான். எங்க மாட்டுது?" என்று என்னையே கேட்டாய்.

எனக்கு விளங்கியது அஸ்தினாபுரத்தில் நாம் தங்கியிருந்த வீட்டுக் குளியலறை வாசலில். ஆறு பேருக்கு ஒரே குளியலறை. நான் வாளியோடு நிற்கிறேன், உள்ளே நீ. இந்த வீட்டை இப்படியே நகலெடுத்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. நகலெடுத்த வேலையாள் மட்டும்தான் நகலுக்குள் வருவான். மற்றவர்கள் வரமாட்டார்கள், ஆனால் அவர்கள் போட்ட தாழ் போட்டபடி வரும். நகல் வீட்டில் நான் வாளியோடு நின்றுகொண்டே இருப்பேன்; உள்ளே ஆளே கிடையாது, கதவு என்றைக்கும் திறக்காது. உன் பூட்டில் ஒரு குறையும் இல்லை. வேறொருவன் பூட்டியிருந்த நேரத்தில் நகலெடுத்து, அதை அங்கே எழுதச் சொன்னவன் நான்.

நீ தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தாய். "இன்னாடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாய். அந்த வாரம்தான் என் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். "ஒண்ணுமில்ல மச்சான்" என்று உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் உன்னைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். திங்கட்கிழமை, நகலை உன் பதிவில் எழுதச் சொன்ன அந்த ஒரு வரியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன். அதன்பின் பில் நிற்கவே இல்லை. நீ போனதால் சரியாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பாவி, நானும் தலையாட்டினேன்.

அப்புறம் நீ கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. பொழிச்சலூரில் நோட்டுப் புத்தகக் கடை வைத்தாய். ஒருமுறை தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது என் தப்புதானா மச்சான்? இன்னும் புரியலடா" என்றாய். "பழசை விடு, ட்ரெய்ன் வந்துருச்சு" என்று ஓடிப்போய் ஏறினேன்.

நீ கண்ணை மூடி இன்றோடு பதினாறு நாள். இனி யாரிடம் போய்ச் சொல்வேன்? உன் மனைவியிடம் சொன்னால் முகத்தில் காறித் துப்புவாள். துப்பட்டும், நாளைக் காலையில் போகிறேன். ஆனால் கேட்டது அவள் இல்லையே. உன் கேள்விக்குக் கீழே, 'அவன் அந்த நகலில் இல்லவே இல்லை, நகலெடுத்தது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மை காய்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ எழுதினதில் தப்பே இல்லைடா. படிக்கட்டில் இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்கும். பத்து நிமிஷத்தில் அடுத்த ட்ரெய்ன் இருந்தது.