பாயிண்டரைத் தமிழில் சொன்னவளுக்கு

இன்று மதியம் நான் பாடம் நடத்தும் கம்ப்யூட்டர் லேபில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். “மிஸ், ஒவ்வொரு தடவ ரன் பண்ணும்போதும் வேற வேற அட்ரஸ் வருதுங்க. தப்பா பண்ணிட்டனா?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். உன் வார்த்தைகள்தான் வந்தன.

இதே கேள்வியை நான் உன்னிடம்தான் கேட்டேன். கல்லூரி லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேராக உட்கார்ந்திருந்தோம். “மாறட்டும்டி. மெமரில எங்க இடம் காலியா இருக்கோ அங்க குடுக்கும். அத நீ எதுக்கு மனப்பாடம் பண்ற? அட்ரஸ வெக்கத்தான பாயிண்டர் இருக்கு, அதுல வெச்சுக்க, போதும்” என்றாய். புத்தகத்தில் மூன்று முறை படித்தும் புரியாதது உன் ஏரியூர் ஊர்ப்பேச்சில் ஒரே நிமிடத்தில் புரிந்தது.

பிறகு அந்த வைவா, வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் டைனமிக் அலொகேஷன் என்றால் என்ன என்று உன்னைக் கேட்டார். வரிசையில் உனக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன்.

“புரோகிராம் ஓடும்போதே வேணுங்கற இடத்த கேட்டு வாங்கறதுங்க சார். அந்த அட்ரஸ தொலைச்சிட்டா, இடம் இருந்தும் இல்லாத மாதிரிங்க. திருப்பிக் குடுக்கவும் முடியாது.”

அவர் சிரித்தார். “இங்கிலீஷ்ல சொல்லத் தெரியலன்னா சப்ஜெக்ட் தெரியலன்னுதான் அர்த்தம். போம்மா.”

அடுத்து நான். நீ சொல்லிக்கொடுத்ததையே உருப்போட்ட ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். “குட்” என்றார். “சார், அவ சொன்னதும் இதுதான்” என்ற ஒரு வரி என் வாயில் இருந்தது. விழுங்கினேன். அவர்மேல் எரிகிற கோபத்தைவிட அந்த விழுங்கலின்மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

உன்மேலும் கோபம் இருக்கிறது. அவர் பெயிலாக்கிய அந்தப் பரீட்சையை அரியராக எழுதிவிடலாம் என்று எத்தனை முறை கெஞ்சினேன்! “அந்தாளு முன்னாடி இன்னொருக்கா நிக்க மாட்டேன்டி” என்றாய். அவன் ஒருத்தனுக்காகப் படிப்பையே விடுவாயா? சேலத்து நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாய். லீவு முடிந்து ஊரிலிருந்து மில்லுக்குத் திரும்பும்போது, தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரி உங்கள் மில் வேன்மேல் மோதியது. படித்து முடித்திருந்தால் நீ அந்த வேனில் ஏறியிருக்கவே மாட்டாய்.

துக்கத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா என்னைத் தனியே அழைத்துப் போய் மெதுவாகக் கேட்டார்.

“எம்புள்ளைக்குப் படிப்பு ஏறலயா கண்ணு?”

“ஏறுச்சுங்கப்பா. எங்க எல்லாரையும் விட அவளுக்குத்தான் ஏறுச்சு.”

“இத அவ இருக்கையில யாராச்சும் வந்து சொல்லியிருக்கலாமே” என்றார் உன் அப்பா.