வடக்குச் சுவரோரத்து அடைக்கலம்

ஆபான் மாதம் 5, சனி

வாக்குக் கொடுத்தவளே மறந்துபோனால், அந்த வாக்கைக் கேட்டுக்கொண்டது அதை எத்தனை காலம் நினைவில் வைத்திருக்கும்? பிற்பகல் முழுக்க இதுதான் மனதில் ஓடியது.

கிளப்பிவிட்டவர் உஸ்தா ஸைஃபுல்லா. இந்தத் தர்காவில் நாற்பது வருடமாகக் கபர் வெட்டுகிற மேஸ்திரி. நான் பழைய வானொலிப் பாடகர் ஒருவரின் கல்லில் எழுத்துகளைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மண்வெட்டியை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார். என்னைக் 'கானும்' என்பார், அம்மா என்கிற மரியாதையில்.

"என்ன கானும், பெரிய மனுசங்க ஏதாச்சும் பேசுறாங்களா?"

"அவர்கள் பேசினால் என் வேலை சீக்கிரம் முடிந்துவிடும்."

"இவங்க பேச மாட்டாங்க. உசுரோட இருக்கும்போதே பேசித் தீத்துட்டாங்க. வடக்குச் சுவரோரம் ஒரு கல்லு இருக்கு. தட்டுனா திருப்பித் தட்டுது."

இங்கே எல்லோரும் ஃபாத்திஹா ஓதுமுன் இரண்டு விரலால் கல்லைத் தட்டுவார்கள், வந்திருக்கிறேன் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிவிக்க. நான் தட்டுவதில்லை. ஓதுவதும் அபூர்வம்.

"எலியாக இருக்கும்," என்றேன்.

"எலிக்கு எண்ணத் தெரியுமா? ரெண்டு தட்டுனா ரெண்டு வருது. ஒரு மூச்சு விட்டு வருது."

எந்தக் கல் என்று நான் கேட்கவில்லை. எட்டு மாதமாக இங்கே வேலை: அடங்கியிருக்கும் பெரிய மனிதர்களைப் பட்டியலிடுவது. வடக்குச் சுவரோரமாகப் போனால் அலுவலகத்துக்குப் பாதி தூரம்தான். நான் தினமும் முசுக்கட்டை மரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

அது என் அப்பாவின் கல்.

ஆபான் 8, செவ்வாய்

எழுதிவிடுவது நல்லது. யாருக்கும் சொன்னதில்லை.

அப்பா இறந்தது முப்பது வருடம் முன்பு, 1367 ஆஸர் மாதம். அவருக்கு நாற்பத்தேழு வயது, எனக்குப் பத்தொன்பது. அம்மா முன்பே போய், எங்கள் மலையூரான கான்சாரில் அடக்கமாகியிருந்தாள். அவள் பக்கத்தில்தான் தன்னை வைக்க வேண்டும் என்று அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். அந்த வாரம் மலைப்பாதை பனியில் மூடிக் கிடந்தது. சித்தப்பாக்கள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். இந்தப் பக்கம் நான் ஒருத்திதான்.

அதனால் அமானத்தாக, அடைக்கலமாக வைத்தார்கள். மண்ணில் இறக்காமல், சுவரோரம் செங்கல்லால் பெட்டி போலக் கட்டி, உள்ளே வைத்து மூடுவது. மூடும்போது மண்ணைப் பார்த்து ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: இது உனக்குக் கொடுத்ததல்ல, உன்னிடம் ஒப்படைத்தது, திரும்ப வந்து வாங்கிக்கொள்வேன். அப்படிச் சொன்னால், கேட்கும்வரை மண் உடலைத் தொடாது என்பது இங்கே நம்பிக்கை.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வரலாறு படிக்கிற பெண், மண்ணோடு பேசுவதா? கூசியது. அவசரமாக எதையோ சொல்லிவிட்டு வந்தேன். என்ன சொன்னேன் என்றுகூட இப்போது நினைவில்லை.

வசந்தத்தில் பனி விலகியது. எனக்குத் தேர்வு. அடுத்த வசந்தத்தில் வேறு ஏதோ. பிறகு கல்யாணம், பிறகு அது முறிந்தது — எல்லாம் காரணம்தானா? ஐந்தாறு வருடம் கழிந்தபின் போகக் கூசியது. பிறகு கூச்சம் மட்டும்தான் மிஞ்சியது.

ஆபான் 9, புதன்

காலையில் போனேன். தட்டினேன். எலி அல்ல.

ஆபான் 11, வெள்ளி

விடுமுறை. வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். செங்கல் பெட்டி, உள்ளே வெற்றிடம், எதிரொலி. சரி. ஆனால் இரண்டு முழ வெற்றிடத்தில் எதிரொலி ஒரு மூச்சு தாமதித்து வராது. சுரங்க ரயில் போகும் அதிர்வாக இருக்கலாம். அதற்கும் எண்ணத் தெரியாது.

புதனன்று மூன்று தட்டினேன். மூன்று வந்தது. கையை எடுத்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் பொறுத்து, நான் தட்டாமலே இன்னொன்று.

இதை எழுதும்போது என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. பயந்தவள் கையெழுத்து இல்லை.

ஆபான் 20, ஞாயிறு

கண்காணிப்பாளர் மொஹாஜெரானி வரைபடத்தை மேசையில் விரித்தார். முற்றத்தை அகலப்படுத்துகிறார்கள். என் பட்டியலில் இருக்கிற கற்கள் அப்படியே நிற்கும். பட்டியலில் இல்லாதவற்றில் முப்பது வருடம் ஆனதைத் திறந்து, எலும்பை அடியில் ஒதுக்கி, மேலே தளம் போடுவார்கள். வடக்குச் சுவர் முதலில்.

"வடக்குல பெரிய ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா கானும்?"

"பார்த்துச் சொல்கிறேன்," என்றேன்.

மாலையில் இருநூற்றுப் பதினான்காவதாக எழுதினேன்: அப்பாவின் பெயர். பக்கத்தில், புவியியல் அறிஞர்.

அப்பா உயர்நிலைப் பள்ளியில் புவியியல் வாத்தியார். பையன்கள் அவர் வகுப்பில் சூரியகாந்தி விதை கொறிப்பார்கள். ஓர் அரசவைப் புகைப்படக்காரரும் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவரும் இருக்கிற வரிசையில் அவரை உட்காரவைத்திருக்கிறேன். இருபத்தைந்து வருட வேலையில் நான் எழுதிய முதல் பொய். பரவாயில்லை. இனி அவரை யாரும் தொட மாட்டார்கள். நானும் போக வேண்டியதில்லை.

ஆபான் 27, ஞாயிறு

மழை. எல்லாக் கல்லும் நனைந்து கறுத்திருக்க, வடக்குச் சுவரோரம் ஒன்று மட்டும் வெளுப்பாக இருந்தது. மேலே மரமில்லை, கூரையில்லை. குனிந்து தொட்டேன். காய்ந்திருந்தது.

பின்னால் ஸைஃபுல்லா நின்றிருந்தார். தலையில் ஒரு சாக்கு.

"அப்பாவப் பட்டியல்ல சேத்துட்டீங்களாமே."

நான் கல்லிலிருந்து கையை எடுத்தேன்.

"நீங்க வந்த அன்னைக்கே தெரியும் கானும். அன்னைக்கு நான்தான் செங்கல் எடுத்துக் குடுத்தேன். கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு, கூட ஒரு ஆம்பள இல்ல. அதே நடை, கீழயே பாத்துக்கிட்டு. எட்டு மாசமா மரத்தச் சுத்திச் சுத்திப் போறீங்க. அந்த மரத்துக்கே தலை சுத்தியிருக்கும்."

"நான் அன்றைக்கு என்ன சொன்னேன் உஸ்தா?"

"'பனி விலகட்டும், நான் வர்றேன், அதுவரைக்கும் வச்சிரு'ன்னு. வருசம் சொல்லல, மாசம் சொல்லல. 'நான் வர்றேன்'னு சொன்னீங்க. எனக்கு வேலை கத்துக்குடுத்த பெரிய உஸ்தா அன்னைக்கே தலையில அடிச்சுக்கிட்டாரு. தவணை சொல்லாம யாராச்சும் அமானத்து வைப்பாங்களா?"

"வேறு யாராவது எடுத்தால்?"

"குடுத்தவங்கதான் கேக்கணும். மத்தவன் கை வச்சா அது திருட்டு. பட்டியல்ல போட்டு மேல பளிங்கு ஒட்டுனா... அது இன்னும் மோசம். அவரு படுத்தே கெடப்பாரு, நீங்க வருவீங்கன்னு."

மழை அவர் சாக்கிலிருந்து அந்தக் கல்லின் மேல் சொட்டியது. சொட்டிய இடம் உடனே காய்ந்தது. பார்த்தேன். என்ன விளக்கம்? வெயில்கூட இல்லையே.

ஆஸர் 3, சனி

கான்சாருக்குத் தொலைபேசினேன். அத்தை மகள் மனீஜே. ஆறு வருடம் கழித்து என் குரலைக் கேட்கிறாள்.

"என்ன ஃபரங்கிஸ் அக்கா, முப்பது வருசமா பனி விலகலையா உங்க ஊர்ல?"

அம்மாவின் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு. எங்கம்மா யாரையும் வைக்க விடல. எங்கப்பா போனப்பகூட, 'இது எங்கண்ணன் இடம், உங்கப்பா வேற பக்கம் படுக்கட்டும்'னு சொல்லிட்டாங்க. தான் சாகும்போதும் என்னைய அங்க வைக்காதேன்னாங்க. ஊரே சிரிச்சுது. கூட்டிட்டு வாங்க அக்கா. சீக்கிரம். இந்த வருசம் பனி முன்னாடியே வருமாம்."

கூட்டிட்டு வாங்க. உயிரோடு இருப்பவரைச் சொல்வதுபோல.

ஆஸர் 4, ஞாயிறு

'புவியியல் அறிஞர்' என்பதை அடித்துவிட்டேன். இருநூற்றுப் பதின்மூன்று பெயர்களோடு பட்டியலைக் கொடுத்தேன். அமானத்தைத் திரும்பப் பெறும் விண்ணப்பத்தையும் கூடவே வைத்தேன். மொஹாஜெரானி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முத்திரை குத்தினார்.

ஆஸர் 5, திங்கள்

நாளைக் காலை எட்டு மணிக்கு.

எலும்பு இருந்தால் எனக்கு நிம்மதி. முப்பது வருடத்தில் எலும்புதான் இருக்க வேண்டும். அப்படியென்றால் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நான் போகாதது வெறும் சோம்பல், அவ்வளவுதான். ஆனால் எலும்பாக இல்லாவிட்டால்—

கடவுளே, எலும்பாக இருக்கட்டும்.

ஆஸர் 6, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டு மணிக்கு ஸைஃபுல்லாவும் மூன்று ஆட்களும். அவர் என்னைத் தட்டச் சொன்னார். இரண்டு தட்டினேன். பதில் வரவில்லை. உள்ளே யாரோ காதைக் கொடுத்துக் கேட்கிற அமைதி. "என் அடைக்கலத்தைத் திருப்பிக் கொடு. வந்துவிட்டேன்," என்றேன். "கேக்குற மாதிரிச் சொல்லுங்க," என்றார். மறுபடி சொன்னேன்.

செங்கல்லை எடுத்தார்கள். உடலைச் சுற்றிய கபன் துணி வெள்ளையாக இருந்தது. முகத்துப் பக்கம் விலக்கினேன்.

மீசை கறுப்பு. ஒரு நரைகூட இல்லை. இடப்புருவத்தில் சின்ன வயதுத் தழும்பு. எனக்கு நாற்பத்தொன்பது. அப்பா என்னைவிட இளையவர்.

ஸைஃபுல்லா என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு, எனக்காக, மெதுவாகச் சொன்னார்: "காத்துப் போகாத பெட்டி கானும். இந்தப் பக்கத்து மண்ணு வேற உப்பு. உலந்து போயிருக்கும். அவ்வளவுதான்." இதையேதான் நான் சொல்லியிருப்பேன். அவர் வாயிலிருந்து கேட்டபோது என்னால் நம்ப முடியவில்லை.

நான்கு பேர் தூக்கினார்கள். கனத்தில் ஒருவர் முனகினார்.

மூன்று மணிக்குக் கான்சார். பாதை திறந்திருந்தது. மனீஜேயும் அவள் கணவரும் நின்றிருந்தார்கள். வண்டியிலிருந்து அவர்கள் இருவரே இறக்கினார்கள். மனீஜே என்னைப் பார்த்தாள். "இவ்வளவு லேசாவா அக்கா இருப்பாரு?" குழியில் வைத்தபோது துணி தட்டையாகப் படிந்தது. ஒரு கைப்பிடி மண்ணைச் சுற்றிவைத்ததுபோல. நான் விலக்கிப் பார்க்கவில்லை.

மூடி முடிந்ததும் பனி விழத் தொடங்கியது. மற்றக் கபர்களின்மேல் விழுந்ததுபோலவே அப்பாவின்மேலும் விழுந்தது, தங்கியது.

குனிந்து இரண்டு விரலால் தட்டினேன். வெகு நேரம் காத்திருந்தேன். மனீஜே கையைப் பிடித்து இழுக்கும்வரை.

ஒன்றும் வரவில்லை.