மச்சில் இருந்த நெல்லிக்காய்ப் பரணி

என் ஷீபா அக்காவுக்கு,

கேட்டால் சிரிப்பாய். இன்று காலை கூரைக்கடியில் உள்ள மச்சில் நான் ஏறியதும், அம்மா ஏணியை எடுத்து என்னை அங்கேயே சிறைவைத்துவிட்டாள். கல்யாண வயதும் தாண்டிய உன் தங்கையை!

கொச்சியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஒரு லேபில் ரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்க்கும் பிரிவு. நாளைக் காலை ரயில். அம்மாவுக்கு அதுதான் பிரச்சினை.

உனக்கு என்ன நோய் என்று தெரியாமலேயே நீ போய்விட்டாய். எனக்கும் அதேதான் வந்தது. எனக்கு அதன் பெயர் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது, அட்ரீனல் என்பார்கள். நம் இருவருக்கும் அது வேலையை நிறுத்திவிட்டது. அது சுரக்கும் ஹார்மோன் இல்லையென்றால் உடம்பில் உப்பு தங்காது, தெம்பும் தங்காது. உன் ஈறும் உள்ளங்கை ரேகையும் கறுத்தது அதனால்தான். வெயிலில் அலைந்து கறுத்தாய் என்று உனக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினார்களே, நினைத்தால் இன்றும் ஆத்திரமாக வருகிறது.

நீ உப்புக்காக ஏங்கியதும் அந்த நோயால்தான். உப்பிலிட்ட நெல்லிக்காயைத் தின்றுவிட்டு, அது ஊறும் பீங்கான் ஜாடியான பரணியிலிருந்த உப்புத் தண்ணீரையும் அள்ளிக் குடிப்பாய். "உப்பத் தின்னா ரத்தம் வத்திப் போவும்ட்டீ, சவமே" என்று அம்மா பரணியை மச்சில் ஏற்றினாள். ஏணியைத் தொழுவத்தில் கொண்டு போட்டாள். நம் ஊரில் எந்த அம்மாவும் அதைத்தான் செய்திருப்பாள். கொஞ்ச நாளில் நீ வாந்தியெடுத்து விழுந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

என் நோயைக் கண்டுபிடித்த டாக்டர், இந்த நோய்க்கு உப்பைக் குறைக்கவே கூடாது என்று சொன்னபோது அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து நான் கைதி. குளியலறைக் கதவைத் தாழ் போடக் கூடாது. வெளியே நின்று "ஏட்டி, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கஞ்சியில் உப்பு, மோரில் உப்பு, தட்டின் ஓரத்திலும் உப்பு. சர்ச்சில் உபவாச ஜெபம் என்றால் நான் பட்டினி கிடந்துவிடுவேன் என்று பயந்து, என்னை வீட்டிலேயே பிடித்து வைத்துக்கொண்டு காவலிருப்பாள். ஆயுள் முழுக்க மாத்திரை என்பதற்கு நான் பழகிவிட்டேன். அம்மாவின் பயத்துக்குத்தான் பழக முடியவில்லை. அவளைக் கோபிக்கவும் முடியவில்லை, அவள் பக்கத்தில் மூச்சு விடவும் முடியவில்லை.

இன்று காலை என் பயணப் பெட்டியைக் காணவில்லை. அம்மா மச்சில்தான் ஒளித்திருப்பாள் என்று ஏறினேன். பின்னாலேயே ஏணி போய்விட்டது.

"ரெயிலு போனப்பெறவு எறங்குனாப் போதும். அதுவர அங்கயே இரி."

கத்தினேன், கெஞ்சினேன். ஏணி திரும்பி வரவில்லை. பெட்டியை இழுத்தபோது பின்னால் உன் பரணி இருந்தது, வாயில் துணி கட்டியபடியே. அவிழ்த்துப் பார்த்தேன். தண்ணீர் வற்றி, அடியில் உப்பு கட்டியாக உறைந்து கிடந்தது. அன்று ஏற்றியதை அம்மா இறக்கவே இல்லை, அக்கா.

"அம்மா, மாத்திரைக்கு நேரமாச்சு" என்றேன்.

அடுத்த நிமிஷம் ஏணி வந்தது. முட்டுவலிக்காரி, மாத்திரையும் தண்ணீருமாகத் தானே ஏறி வந்தாள். நான் விழுங்கும் வரை என் தொண்டையையே பார்த்தாள். அப்புறம்தான் பரணியைப் பார்த்தாள்.

"இதக் குடுத்திருந்தா அவ இருந்திருப்பாளா மக்கா?"

"உப்பு மட்டும் போதாதும்மா. மருந்து வேணும். அது அன்னைக்கு ஆருக்குத் தெரியும்?" டாக்டரிடம் தனியாகக் கேட்டு வைத்திருந்த பதில் இது.

"ஒரு நாளாவது கூட இருந்திருப்பாளா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. இதற்கு உன்னிடமாவது பதில் உண்டா? நிமிர்ந்தால் கூரை இடிக்கும் அந்த இடத்தில் இரண்டு பேரும் குனிந்தே உட்கார்ந்திருந்தோம்.

பிறகு அம்மா இறங்கி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "பெட்டியத் தா" என்றாள். கொடுத்தேன். "அதையும் தா" என்றாள். பரணியைக் கொடுத்தேன்.

நான் இறங்கி வந்தபோது அவள் கத்தியால் உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதைக் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிப் பெட்டிக்குள், என் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். "அவளுக்க உப்பு. நீ கொண்டு போ."

அழுதுவிட்டேன், அக்கா.

நாளை போகிறேன். காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி மாத்திரையைக் கூட்டிக்கொள்வேன். ஊசி மருந்தைக் கைப்பையிலேயே வைத்திருப்பேன். வாந்தி வந்தால் வெட்கப்படாமல் ஆளைக் கூப்பிடுவேன். அம்மா போனில் "ஏட்டி, இருக்கியா?" என்று எத்தனை தடவை கேட்டாலும் எரிந்து விழ மாட்டேன். "இருக்கேன்" என்பேன். உனக்கும் சேர்த்து இன்னொரு தடவை, "இருக்கேம்மா" என்பேன்.

உன் நெல்லிக்காயில் பங்கு கேட்டு அழுத தங்கை,
ஜீனா