தண்ணீர் குடித்த படகு

வீட்டு மகாராணிக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா?

நாங்கள் செப்பனிட்ட பழைய பாய்மரப் படகைப் போன வாரம் தண்ணீரில் இறக்கினோம். உடனே பலகை இடுக்கெல்லாம் ஒழுகியது. என் வேலைதான் கெட்டதென்று பதறி, வாளியோடு உள்ளே குதித்தேன். மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார்.

“சும்மா இருப்பா! காய்ஞ்ச மரம் தண்ணி குடிச்சு ஊதினா, இடுக்கு தானா அடைஞ்சிடும்.”

அப்படியே ஆயிற்று. இப்போது சொட்டுக்கூட இல்லை.

நம் கொல்லைக் கதவும் மழைக்கு இப்படித்தான் ஊதி இறுகும். “தச்சன் வீட்டுக் கதவைப் பாரு!” என்று திட்டிக்கொண்டே நீ வெளியிலிருந்து தள்ளுவாய், நான் உள்ளிருந்து இழுப்பேன். திறந்ததும் என் மேலேயே வந்து விழுவாய்.

மழைக்காலம் வருகிறது. யாரையும் கூப்பிட்டு அந்தக் கதவை இழைக்கச் சொல்லிவிடாதே. நான் வரும்வரை வாசல் வழியாகச் சுற்றிப் போ.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன் தச்சன்