நாற்பத்தொன்றாம் பாடத்தில் ஆமை

மார்ச் 3

அன்புள்ள தொண்டைக்கு,

நலம். நீயும் தங்கச்சியும் நலமா? வானொலி நிலையம் உனக்கு ஓய்வு கொடுத்தாலும் உன் குரல் ஓயவில்லை என்று எங்கள் அச்சகத்தில் பேசிக்கொள்கிறார்கள். லத்தீனும் ரோம வரலாறும் தமிழில், ஒலிப்பதிவாக, கூடவே படிக்கப் பக்கங்கள், எல்லாம் இலவசம் என்றார்கள். மேலாளர் மட்டும், "சும்மா குடுக்கறவன் எதுக்குக் குடுக்கறான்னு பாத்துட்டுத்தான்யா கைய நீட்டணும்" என்றார். நானும் பார்த்தேன்.

பன்னிரண்டு பாடங்கள் கேட்டாயிற்று. கடைசியில் நீ லத்தீன் வாசிக்கும் பகுதி வந்ததும் நிறுத்திவிடுவேன். நூலகத்தில் ஒரே புத்தகத்தை வைத்து நாம் இருவரும் லத்தீன் படித்த நாளிலேயே உன் உச்சரிப்பை வேண்டிய மட்டும் சகித்திருக்கிறேன்.

சாலைகளைப் பற்றிய பாடத்தில், "கல்லுக்கு அடியில் கல், அதற்கும் அடியில் பொறுமை" என்கிறாய். நல்ல வரி. எங்கே பிடித்தாய்? பதினொரு வருஷமாக நான் எழுதி, இரண்டு வருஷத்துக்கு முன் உன்னிடம் படிக்கக் கொடுத்த ரோம வரலாற்றுக் கையெழுத்துக் கட்டுக்குள் அப்படி ஒன்று இருந்ததாக நினைவு.

தொலைபேசியில் கேட்டால் குரலாலேயே சமாளித்துவிடுவாய். அதனால் எழுத்தில் கேட்கிறேன்.

உன்,
ஒற்று


மார்ச் 10

அன்புள்ள ஒற்றுக்கு,

விடுபட்ட ஒற்றைத் தேடித் தேடியே பெயர் வாங்கியவன் நீ. இப்போது நண்பனிடமும் தேடுகிறாயா? உன் கட்டு என் அலமாரியில், நீ கட்டிய அதே நூலோடு பத்திரமாக இருக்கிறது. ரோமாபுரிச் சாலையும் கல்லும் யார் வீட்டுச் சொத்து?

ஜூலையில் ஐம்பதாவது பாடம் வருகிறது. அன்றைக்கு நீ இங்கே இருக்க வேண்டும். காரணம் கேட்காதே. நீர்க்கால்வாய் அத்தியாயத்தைத் திருத்தி முடித்திருந்தால் அனுப்பு, படிக்க ஆவலாக இருக்கிறது.

இவள் பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்ணன்கிட்ட இப்பவே சொல்லித் தொலைங்களேன்" என்கிறாள். எதைச் சொல்வது? கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறாயா, இல்லை அதையும் தள்ளிப்போடுகிறாயா?

உன்,
தொண்டை


மார்ச் 16

அன்புள்ள தொண்டைக்கு,

கேட்டபடி நீர்க்கால்வாய் அத்தியாயம் இத்துடன் இருக்கிறது. புதிதாகத் திருத்திய படி. படிக்க மட்டும்.

"எதைச் சொல்வது?" என்று நீ எழுதியிருந்ததை மூன்று முறை படித்தேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை சொன்ன மாதிரி இருக்கிறது. கண் நன்றாகத் தெரிகிறது.

ஒற்று


ஏப்ரல் 14

தொண்டைக்கு,

நாற்பத்தொன்றாம் பாடம் கேட்டேன். பதினேழாவது நிமிடத்தில், ரோமின் நீர்த்தொட்டிகளில் பாசி தின்ன ஆமை வளர்த்தார்கள் என்றும், அவற்றை எண்ணிப் பார்க்க ஓர் அதிகாரி இருந்தார் என்றும் சொல்கிறாய்.

ஆமையும் இல்லை, அதிகாரியும் இல்லை. மார்ச் பதினைந்தாம் தேதி சாயங்காலம், அச்சகத்தில் என் மேசையில் உட்கார்ந்து நான் உண்டாக்கியது அது. வேறு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. உனக்காகவே வைத்தேன்.

அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. ஆமை புகுந்த வீடு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். என் கட்டைத் திருப்பி அனுப்பு.

ஒற்று


ஏப்ரல் 20

ஒற்றுக்கு,

கட்டு தனிப் பார்சலில் வருகிறது.

எடுத்தேன். கேட்காமல் எடுத்தேன். நீ கேட்டபோதும் மறைத்தேன். அது என் தப்பு. முன்கூட்டிச் சொல்லியிருந்தால், "இன்னும் ஒரு தடவ திருத்திக்கிறேன்டா" என்றிருப்பாய். பதினொரு வருஷமாக அதைத்தானே சொல்கிறாய்?

உன் கட்டிலிருந்து எடுத்த ஒவ்வொரு பாடத்திலும் லத்தீன் வாசிப்பு முடிந்த பிறகு இருபது நொடி பேசுகிறேன். "இதை எழுதியவர் என் நண்பர், குரல் மட்டுமே என்னுடையது" என்று சொல்லி, உன் முழுப் பெயரையும் தகப்பனாரின் முதலெழுத்தோடு சொல்கிறேன். இருபத்தெட்டுப் பாடங்களில் இருபத்தெட்டு முறை. அதைக் கேட்டவர்கள் உன் பெயருக்கு எழுதிய கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஜூலையில் உன் கையில் கொடுப்பதாக இருந்தேன்.

நாற்பத்தொன்றிலும் உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். ஆமைக்கும் சேர்த்துத்தான்.

போன வாரம் ஒரு கல்லூரி ஆசிரியை எழுதியிருந்தார். ஆமைக்கு எங்கே தேடியும் ஆதாரம் கிடைக்கவில்லையாம். அவர் வகுப்பில் ஏழு பேர் அதைத் தேர்வில் எழுதிவிட்டார்களாம். நான் பதில் போட்டேன்: "எழுதியவரை எனக்கு முப்பத்தாறு வருஷமாகத் தெரியும். ஒரு புள்ளியைக்கூடத் தப்பாக வைக்க மாட்டார்." அதைத் தபாலில் சேர்த்த மறுநாள் உன் கடிதம் வந்தது.

நான் ஏன் சரிபார்க்கவில்லை என்று யோசித்தேன். உன் எழுத்தை ஒரு நாளும் சரிபார்த்ததில்லை.

தொண்டை


ஏப்ரல் 27

அன்புள்ள தொண்டைக்கு,

இருபத்தெட்டுப் பாடங்களின் கடைசி இருபது நொடிகளையும் கேட்டேன். மேலாளர் எட்டிப் பார்த்து, "என்னய்யா, ஒம் பேரையே போட்டுப் போட்டுக் கேக்கறே?" என்றார்.

அந்த ஆசிரியைக்கு நானே எழுதிவிட்டேன். பொய் என்னுடையது, தெரிந்தே எழுதினேன், அந்த ஏழு பேருக்கும் மதிப்பெண் குறைக்க வேண்டாம் என்று.

கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறேன். ராணுவ முகாம்களைப் பற்றிய அத்தியாயத்தையும் சேர்த்திருக்கிறேன். இதில் தூண்டில் எதுவும் கிடையாது, நம்பு. உன் குரலில் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. கூப்பிட்டபடி ஜூலையில் வருகிறேன். தங்கச்சியிடம் சொல்.

உன்,
ஒற்று


மே 12

அன்புடையீர்,

தங்கள் கடிதமும் பக்கங்களும் கிடைத்தன. நன்றி.

நாற்பத்தொன்றாம் பாடத்தை நீக்கி, திருத்தி, மறுபடி ஏற்றியாயிற்று. தவறுக்கு நான் பொறுப்பேற்று வருத்தம் தெரிவித்திருக்கிறேன். தங்கள் பெயரை அதில் சேர்க்கவில்லை.

ராணுவ முகாம்கள் அத்தியாயத்தை அந்தக் கல்லூரி ஆசிரியையிடம் வரிக்கு வரி சரிபார்க்கக் கொடுத்திருக்கிறேன். இனி எதுவானாலும் அப்படித்தான். ஐம்பதாம் பாடத்துக்கு விழா எதுவும் வைக்கவில்லை. கடிதங்கள் உள்ள பெட்டியைத் தபாலில் அனுப்புகிறேன்.

பதினான்கு இடங்களுக்கு ஆசிரியை ஆதாரம் கேட்கிறார். பட்டியல் இத்துடன் இருக்கிறது. எல்லாமே சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஆதாரங்களை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
பாடத் தயாரிப்பாளர்